முத்துக் கரையில் கண்ட ஞானம்



2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியது. அப்போது ஆழ்கடலில் இருந்த மீனவர் பலர் கரை திரும்பவில்லை. சில மாதங்கள் சென்றபின், என்னிடம் வரலாறு பயின்ற மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் தனியே வந்து நின்றான். குமரிக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன் அவன். அவனுடைய தந்தையாரும் அப்புயலில் மறைந்தவர்களுள் ஒருவர். அவர் உடல் கூடக் கிடைக்கவில்லை.

"ஐயா, துக்கம் கேட்க வந்தவர்களுள் சிலர், எல்லாம் நன்மைக்கே என்றார்கள். சிலர், இறைவன் நல்லவர்களை விரைவில் அழைத்துக்கொள்வான் என்றார்கள். கேட்கக் கேட்க எனக்குக் கோபமே வந்தது. எங்கள் முன்னோர் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கடலில் மாண்டுகொண்டுதான் வருகின்றார்கள். அவர்கள் எப்படி நம்பினார்கள்? வரலாற்றில் இதற்கு விடை உண்டா?" என்று கேட்டான்.

அன்று நான் விடை சொல்லவில்லை. அவன் தோளைத் தொட்டு அனுப்பிவிட்டேன். இன்றைய பேச்சு அம்மாணவனுக்கு நான் காலந் தாழ்த்திச் சொல்லும் மறுமொழி. சமயப் பிரசாரம் செய்ய நான் வரவில்லை. தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறையில், காரணம் காணமுடியாத துன்பத்தை ஒரு மக்கட்கூட்டம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் எடுத்துக்காட்டவே விழைகின்றேன்.

முதலில் முத்தைப் பற்றி ஒரு சொல். சங்க காலத்திலேயே கொற்கை முத்து உலகப் புகழ் பெற்றது. அதன் ஒளியைப் பாடாத புலவர் அரியர். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிவைத்த செங்கடற் செலவு நூல் வேறொரு செய்தியையும் கூறுகின்றது. கொற்கைக் கடலில் முத்தெடுக்கும் தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை ஈடுபடுத்தினர் என்பதே அச்செய்தி. அரசியின் கழுத்தில் ஒளிர்ந்த முத்துக்குப் பின்னால் ஒரு கைதியின் மூச்சுத்திணறல் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

துன்பத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் முத்தை உவமையாகக் காட்டுவர். "சிப்பிக்குள் மணல் துகள் புகுந்து உறுத்துகின்றது, அவ்வுறுத்தலே முத்தாகின்றது. அதுபோல் துன்பமும் மனிதனை மேன்மைப்படுத்தும்" என்பர். கேட்க இனிய உவமைதான். ஆயினும் அஃது உண்மையோடு பொருந்தவில்லை. முத்து பிறப்பதற்கு மணல் துகள் பெரும்பாலும் காரணம் அன்று. ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ சிப்பியின் மேல்தோல் உயிரணுக்கள் உட்சதைக்குள் தள்ளப்படும்போது முத்து உருவாகின்றது என்று இன்றைய அறிவியல் கூறுகின்றது. அவ்வறிவைக் கொண்டே 1973ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினர். மேலும், காயமுற்ற சிப்பி யாவும் முத்து ஈனுவதில்லை. கூடை கூடையாகச் சிப்பியைத் திறந்தும் ஒரு நல்ல முத்துக் காணாத நாள் குளியாளிக்குப் புதிதன்று. முத்து கிடைத்தாலும் சிப்பி பிழைப்பதில்லை. ஆகவே, "உன் துன்பம் முத்தாகும்" என்று எவரிடமும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. அவ்வாறு சொல்பவர் முத்தையும் அறியார், துன்பத்தையும் அறியார்.

இனி, இக்கரையில் கிறிஸ்தவ சமயம் வேரூன்றிய கதைக்கு வருவோம். 1530ஆம் ஆண்டுகளில் முத்துக்குளிப்பு உரிமை குறித்துப் பரதவருக்கும், கடல் வணிகத்தில் வலிமை பெற்றிருந்த முஸ்லிம் வணிகருக்கும் கடும் பூசல் மூண்டது. அது சமயங்களின் பகை அன்று. வருவாயைப் பற்றிய வழக்கு. நெருக்குண்ட பரதவர்க்கு, கள்ளிக்கோட்டையிலிருந்து வந்த குதிரை வணிகரான யோவான் தெ குரூசு என்பவர் போர்த்துக்கேயரின் துணையை நாடும் வழியைக் காட்டினார். பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்றனர். 1537ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு.

இங்கே ஓர் உண்மையை ஒளியாமற் சொல்லவேண்டும். அன்று அவர்கள் முதன்மையாக நாடியது பாதுகாப்பு. புதிய சமயத்தின் மறைபொருளை விளக்கிச் சொல்ல ஆசிரியர் எவரும் உடனில்லை. 1542ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தபோது, மக்கள் தம்மைக் கிறிஸ்தவர் என்று அறிந்திருந்தனரேயன்றி அதற்கு மேல் அறிந்தது மிகக் குறைவு. சவேரியார் தமிழறிந்தாரின் உதவியால் மன்றாட்டுக்களைத் தமிழில் ஆக்குவித்து, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணி ஒலிக்க ஊர் ஊராகச் சென்று கற்பித்தார்.

பாதுகாப்பை நாடிச் சமயம் புகுந்த அம்மக்களுக்கு என்ன நேர்ந்தது? இரண்டு ஆண்டுகள் கழியுமுன் பேரிடி விழுந்தது. 1544ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வடுகர் எனப்பட்ட படைவீரர் தென்கரை ஊர்களைச் சூறையாடினர். குமரிமுனைப் பகுதியில் வாழ்ந்த கிறிஸ்தவர்கள் உயிர் தப்பக் கடலில் இறங்கி, முனையை அடுத்த பாறைகளின்மேல் ஏறிக்கொண்டனர். தலைக்கு மேல் வெயில், சுற்றிலும் உப்பு நீர், உண்ண உணவில்லை, குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. பசியாலும் தாகத்தாலும் பலர் அங்கேயே மடிந்தனர்.

செய்தியறிந்த சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளைத் திரட்டிக்கொண்டு புறப்பட்டார். அது கச்சான் காற்று வீசும் பருவம். தென்மேற்கிலிருந்து வீசிய காற்று தோணிகளை முன்னேறவிடவில்லை. துடுப்பு வலித்துப் பார்த்தனர், கயிறு கட்டி இழுத்தும் பார்த்தனர், பயனில்லை. குமரிமுனையை அடைய முடியாமல் மணப்பாட்டுக்கே திரும்பினர். இந்நிகழ்ச்சியைத் தம் துணைவர் மன்சிலாசுக்கு அம்மாதமே எழுதிய கடிதத்தில் சவேரியார் குறித்திருக்கின்றார்.

மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். இறைவனின் பெயரால் தண்ணீர் கொண்டு செல்கின்றார் ஒருவர். காற்றை அவ்விறைவனே ஆள்கின்றான் என்பது அவருடைய நம்பிக்கை. அக்காற்றே தண்ணீரைத் தடுத்து நிறுத்துகின்றது. இதைவிடப் பொருள் விளங்காத துன்பம் எது?

சவேரியார் அதற்கு என்ன விளக்கம் கண்டார் என்று தேடி அக்கடிதங்களை நான் பலமுறை படித்தேன். காற்று ஏன் எதிர்த்தது என்பதற்கு அவர் காரணம் கற்பிக்கவில்லை. கடல்வழி அடைபட்டதால் தரைவழியே சென்றார். மணப்பாட்டுக்கும் குமரிக்கும் இடையே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவு. பெரும்பகுதி தேரியும் மணலும். அங்கே அவர் கண்ட காட்சியை ஒளிக்காமல் எழுதினார். உண்ண ஏதுமற்றவர், முதுமையால் நடக்க இயலாதவர், இறந்து கிடந்தவர், வழியிலேயே குழந்தை பெற்ற பெண்கள் ஆகியோரையெல்லாம் கண்டு மனம் நொந்தார். பின்னர், ஊர்த்தலைவர்களாகிய பட்டங்கட்டிகள் வழியாக அவர்களுக்கு உணவும் உதவியும் கிடைக்க ஏற்பாடு செய்தார். அவர் தந்த விடை அவ்வளவே. காற்று நின்ற பின் செய்யலாம் என்று இராமல், நடந்து சென்று பகிர்ந்துகொண்ட விடை அது.

அதே ஆண்டு செப்டம்பரில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. அக்காலத்தில் தூத்துக்குடியில் கோஸ்மே தெ பைவா என்ற போர்த்துக்கேயக் கப்பித்தான் இருந்தார். அவர் பரதவரை வருத்திப் பொருள் சேர்த்தவர். அதனைச் சவேரியார் கடிந்துரைத்ததால் அவர்மீது பகைமை கொண்டவர். பாதுகாப்பு அளிப்பார் என நம்பப்பட்டவரே மக்களை உறிஞ்சினார் என்பது அவ்வரலாற்றின் கசப்பான பகுதி. அம்மாதத்தில் வடுகர் தூத்துக்குடியைத் தாக்கினர். கப்பித்தானின் இல்லம் எரியுண்டது. அவரும் ஊர் மக்களும் அருகிலிருந்த தீவுகளுக்கு ஓடித் தண்ணீருக்குத் தவித்தனர்.

ஆலந்தலையில் இருந்த சவேரியாருக்குச் செய்தி எட்டியது. "செய்த பாவத்திற்குக் கிடைத்த தண்டனை" என்று சொல்ல அவருக்கு நல்ல வாய்ப்பு. மக்களுள் பலரும் அதனை ஒப்பியிருப்பர். ஆனால் அவர் மன்சிலாசுக்கு விடுத்த ஆணை வேறு. புன்னைக்காயல் மக்களோடு உடனே தோணிகளில் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு கப்பித்தானுக்கும் ஏனையோர்க்கும் உதவச் செல்லுமாறு எழுதினார். தாமே செல்லாமைக்குக் காரணம், தம்மைக் காண அக்கப்பித்தான் விரும்பார் என்பதே. தீங்கு செய்தவனுடைய துன்பத்தையும் தண்டனை என்று அளவிடாமல் தாகம் என்று மட்டுமே கண்ட பார்வை இது.

கிறிஸ்தவ மறைநூலில் இக்கேள்விக்கென்றே அமைந்த பகுதி ஒன்றுண்டு. அதுதான் யோபுவின் வரலாறு. குற்றமற்ற யோபு மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழக்கின்றார். நண்பர் மூவர் வருகின்றனர். ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருக்கின்றனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. பின்பு வாய் திறந்து, "நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இத்துன்பம்" என்று காரணம் கூறத் தொடங்கினர். யோபுவோ அதனை ஏற்காமல் இறைவனிடமே வழக்காடினார். நூலின் முடிவில் இறைவன் யோபுவின் துன்பத்திற்குக் காரணம் கூறுவதில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றான்: தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியவர்கள் காரணம் கற்பித்த நண்பர்கள் அல்லர், வழக்காடிய யோபுவே!

அந்நூலின் இருபத்தெட்டாம் அதிகாரம் முத்துக்கரைக்கென்றே எழுதப்பட்டது போன்றது. மனிதன் மலையைக் குடைந்து பொன்னும் மணியும் எடுக்கின்றான். ஆனால் ஞானத்தை எங்கே எடுப்பது என்று அது வினவுகின்றது. ஆழ்கடலைக் கேட்டால் அது தன்னிடம் இல்லை என்கின்றது. பவளமும் முத்தும் கொடுத்தாலும் ஞானம் விலைக்குக் கிட்டாது. இறுதியில், இறைவனுக்கு அஞ்சி நடத்தலும் தீமையை விட்டு விலகுதலுமே ஞானம் என அது முடிக்கின்றது. காண்க: ஞானம் ஒரு விளக்கமாகக் காட்டப்படவில்லை; ஒரு நடையாகவே காட்டப்படுகின்றது.

வழக்காடும் இக்குரல் தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றுப் புலவராகிய பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாவுப் பறையும் மற்றொரு வீட்டில் மண முழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கேட்டு, உலகை இவ்வாறு படைத்தவனையே கடிந்துகொண்டார். திருவள்ளுவரோ இடுக்கணழியாமை என ஓர் அதிகாரமே வகுத்து, துன்பத்தின் முன் நிற்கும் முறையைக் கற்பித்தார். அழுவதும் வினவுவதும் நம்பிக்கைக்குப் பகை அல்ல என்பதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர்.

சவேரியார் இந்தியாவுக்குக் கப்பலேறிய நகரம் லிஸ்பன். அவர் புறப்பட்டு இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவரின் திருநாளன்று, அந்நகரை நிலநடுக்கம் அழித்தது. வழிபாட்டுக்குக் கூடியிருந்தோர் மீதே கோயில்கள் இடிந்து விழுந்தன. இயலக்கூடிய உலகங்களுள் நம் உலகமே சிறந்தது என்று லைப்னிட்சு என்ற தத்துவ அறிஞர் 1710இல் நூல் எழுதியிருந்தார். வால்டேர் அக்கொள்கையைக் கடுமையாகச் சாடினார். ஐரோப்பா முழுவதும் விவாதம் எழுந்தது. அவ்விவாதம் பயனற்றதென்று நான் கூறேன். ஆயின் அறிஞர் விவாதிக்கும்போதும், இடிபாட்டுக்குள் கிடந்தவனுக்குத் தேவைப்பட்டது அவனைத் தோண்டி எடுக்கும் கைகளே.

அத்தகைய கைகளுக்கு உரியவர் ஒருவரை இக்கரை கண்டது. அவரே அண்டிரிக் அடிகளார் எனப்பட்ட என்றீக்கே என்றீக்கஸ். யூத மரபில் தோன்றியவர் என்ற காரணத்தால் தாய்நாட்டிலே துறவற சபை ஒன்றில் நிலைக்க முடியாமற்போனவர் அவர். பிறப்பினால் வரும் இழிவு இன்னதென அவர் அறிவார். 1547ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்து, 1600ஆம் ஆண்டில் மறையும்வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இம்மக்களோடே வாழ்ந்தார். வந்த இரண்டாம் ஆண்டிலேயே, 1549இல், அவருடைய தலைவரான அந்தோணி கிரிமினாலி அடிகளார் வேதாளையில் வடுகரால் கொல்லப்பட்டார். அண்டிரிக் அடிகளார் ஊரை விட்டு ஓடவில்லை. தமிழைக் கசடறக் கற்றார், இலக்கணம் எழுதினார், புன்னைக்காயலில் நோயுற்றோர்க்கு மருத்துவமனை ஏற்படுத்தினார்.

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான அவருடைய "தம்பிரான் வணக்கம்" பதினாறே பக்கங்கள் கொண்டது. இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அது. 1586இல் வெளிவந்த "அடியார் வரலாறு" அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. துன்புற்ற புனிதர்களின் வாழ்க்கைக் கதைகளே அப்பெருநூல். அச்சுப்பணிக்குப் பரதவ மக்கள் தாம் உழைத்து ஈட்டிய பொருளை வழங்கினர். எழுதப் படிக்க அறியாத பலர், தம்மைப் போல் துன்புற்றவர்களின் கதையைத் தம் மொழியில் கேட்பதற்காக, ஆழ்கடலில் மூச்சடக்கிச் சம்பாதித்த காசைக் கொடுத்தனர். அவர்கள் தேடியது துன்பத்திற்கு விளக்கம் அன்று, துன்பத்தில் துணை.

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். கத்தோலிக்க குருமார் வெளியேற நேர்ந்தது. பால்டேயுஸ் என்ற டச்சுப் போதகர் மக்களைத் தம் பிரிவுக்குத் திருப்ப முயன்றார், அவர்கள் இசையவில்லை. முன்பு பாதுகாப்புக்காகச் சமயம் புகுந்தவர்கள் இப்போது பாதுகாப்பை இழந்தும் அதில் நின்றனர். இடைப்பட்ட நூற்றிருபது ஆண்டுகளில், ஆதாயத்துக்காகத் தொடங்கியது உள்ளத்தில் உரமாகிவிட்டது. 1713இல் எழுந்த பனிமய மாதா ஆலயம் இன்றும் தூத்துக்குடியில் உயர்ந்து நிற்கின்றது. ஆகஸ்டு 5ஆம் நாள் நடைபெறும் அதன் திருவிழாவில் எல்லாச் சமயத்தாரும் கலந்துகொள்கின்றனர். ஒருகாலத்தில் பூசலிட்ட இரு சமூகத்தாரும் இன்று இக்கரையில் அண்டை அயலாராய் வாழ்கின்றனர்.

முடிவாக, முத்துக்குளிக்கும் முறையைச் சற்று நினைவுகூர்வோம். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததே பெரிய அளவிலான இறுதி முத்துக்குளிப்பு. குளியாளி காலில் கல்லை மாட்டிக்கொண்டு எட்டுப் பத்துப் பாக ஆழத்துக்கு இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிப் பையில் இடுவான். பின்பு கயிற்றை அசைப்பான். தோணியில் இருப்பவன் இழுத்து மேலேற்றுவான். கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானை, அதாவது மைத்துனனை, அமர்த்துவது வழக்கம் என்று சொல்வது உண்டு. தன் தங்கையின் தாலிக்காக அவன் கயிற்றை நழுவவிடமாட்டான் அல்லவா?

கீழே இருண்ட நீரில் இருப்பவனுக்குக் கயிறு எதையும் விளக்குவதில்லை. சுறா எங்கே உளது, முத்து எச்சிப்பியில் உளது என்று அது கூறாது. மேலே ஒருவன் விழித்திருக்கின்றான் என்பதை மட்டும் அது அவனுக்கு உணர்த்துகின்றது. இக்கரையின் மக்கள் தம் நம்பிக்கையில் கண்டதும் இதுவே என்று நான் கருதுகின்றேன். கயிறு இருந்தும் மூச்சடைத்து மாண்டவர் உண்டு. அதனை அவர்கள் மறைக்கவில்லை. மாண்டவருக்காக அழுதனர், மறுநாள் மற்றொருவனுக்காகக் கயிற்றைப் பிடித்தனர்.

ஆகவே, என் மாணவனுக்கு நான் இப்போது சொல்வது இது. தம்பி, உன் தந்தையார் ஏன் திரும்பவில்லை என்பதற்கு வரலாறு விடை தரவில்லை; உன் முன்னோரும் அதற்குப் பொய்யான விடையை உருவாக்கவில்லை. உனக்கு வந்த கோபம் யோபுவுக்கும் வந்தது, அதற்காக நாணவேண்டா. ஆனால் உன் ஊரில் இன்னும் கடலுக்குச் செல்வோர் இருக்கின்றனர். அவர்கள் வீட்டில் துன்பம் நேர்ந்தால், எல்லாம் நன்மைக்கே என்று சொல்ல விரையாதே. முதலில் அவர்களோடு தரையில் அமர்ந்திரு. பிறகு எழுந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடு. காற்று எதிர்த்தால் நடந்தேனும் போ. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கரை கற்ற ஞானம் அதுவே.